எண்ணூறு

ஸ்டான்லியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
ஹசீனா ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்தாள்.
பால். கால். வேல். தோல்.
இருபத்தைந்துக்கு இருபத்துநாலு சரி.
"சூப்பர்மா" என்றாள்.
அதுவும் சரியாகக் கேட்டது.

காசிமேட்டில் கண்ணாடி அறை கிடையாது.

விடியற்காலை மூன்றரை.
ஐஸ் அரைக்கிற மெஷின் என் காதுக்குள் அரைக்கிறது.
விசைப்படகு ஒன்று இடது காதில் நங்கூரம் போட்டிருக்கிறது.
தரையில் இழுபடும் பிளாஸ்டிக் பெட்டி, காக்கா,
யாரோ யாருடைய அம்மாவையோ
இழுத்துத் திட்டுவது,
எல்லாம் ஒரே உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன
ரேஷன் கடையில் ஆளாளுக்கு
நான்தான் முதல்ல என்பதுபோல.
இந்த மெஷினுக்கு ஆள் தெரியாது.

நடுவில் தேசப்பன்.
கூடைமேல் ஒரு காலை வைத்து,
கன்னத்தில் மாவா அடக்கி
ஏலம் விடுகிறான்.
அவன் வாயிலிருந்து எனக்கு வந்து சேர்வது
எ... ஊ... உ.
அவ்வளவுதான்.

ஐந்தாவதோடு நின்றவள் நான்.
ஆனாலும் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என்று
டீச்சர் சொன்னது மறக்கவில்லை.
என் காதுக்கு உயிர் வந்துவிடுகிறது.
மெய்தான் வழியில் எங்கேயோ உதிர்ந்துபோகிறது,
செதில் மாதிரி.
ஹசீனாவிடம் இதைச் சொன்னபோது
எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.
"இதையேதாம்மா நாங்க கிராஃப் போட்டுச் சொல்றோம்."

அன்றைக்குச் சங்கரா கூடை.
எழுநூறு என்று நினைத்துக் கை தூக்கினேன்.
"எண்ணூறு! பூஷணக்கா, எண்ணூறு!"
"எண்ணூருக்கு நான் எதுக்குப் போறேன்,
கொருக்குப்பேட்டைலதான் விக்கிறேன்."
சிரித்தார்கள்.
சிரிப்பில் மெய்யெழுத்து இல்லை.
முழுசாகக் கேட்டது.

சத்தத்துக்கு முதுகைக் காட்டு,
பேசுறவங்களுக்கு முகத்தைக் காட்டு,
கூட்டத்துக்கு வேற செட்டிங், பட்டனை ரெண்டு தரம் அழுத்து.
சரி தாயி.
சத்தம் எந்தப் பக்கம்?
கிழக்கே படகு, மேற்கே லாரி,
வடக்கே மணலி வரைக்கும் கண்டெய்னர் ஹாரன்,
தெற்கே என் ஓரகத்தி.

வீட்டிலும் இதே கதை.
மிக்சி ஓடும்போது மகன் ஏதோ சொல்வான்.
"என்னடா?"
அதே வேகத்தில் இன்னொரு தரம்.
"என்னடா?"
"ஒண்ணும் இல்ல, வுடு."

மிக்சி, டிவி, சாவு மேளம்,
கேட்டைத் தாண்டும் கூட்ஸ் ரயில்,
எது ஓடினாலும் இந்த வுடு மட்டும்
பேட்டரி தீர்ந்த காதிலும் விழுந்துவிடும்.
அதற்கு முன்னால் என்ன இருந்தது?
கரண்ட் பில்லா, பெண் பார்த்த விஷயமா,
இல்லை, குழம்பில் வெறும் உப்புக் குறைச்சலா.
ராத்திரி அந்த இரண்டையும் கழற்றி
அரிசி போட்ட டப்பாவில் படுக்கவைக்கும்போது
இதைத்தான் யோசிப்பேன்.

நேற்று மூன்றரைக்குத்
தேசப்பன் எதிரில் போய் நின்றேன்.
விளக்குக் கம்பத்துக்கு என் முதுகு,
வெளிச்சத்துக்கு அவன் முகம்.
"மாவாவைத் துப்பு."
"இன்னாது?"
"துப்பிட்டு ஏலம் வுடு. வாய் தெரியணும்."
"யக்கா, இன்னா நீ காலங்காத்தால" என்று தொடங்கி
பாதியில் கையை உதறி,
"அத்த வுடு" என்றான்.
"வுடறது உன் வேலை. எனக்குச் சொல்லாத. துப்பு."

பின்னால் நாற்பது பேர்.
ஐஸ் உருகிக் காலுக்கடியில் ஓடுகிறது.
துப்பினான்.
யாரும் கேட்காமலே விரலையும் தூக்கினான்,
ஒரு கை முழுசாக, இன்னொன்றில் இரண்டு.
வாய், விரல், பாதிக் காது, மூன்றும் சேர்ந்து
எழுநூறு.
கை தூக்கினேன்.

பின்னாலிருந்து யாரோ ஏற்றிக் கேட்டிருக்கிறார்கள்.
எனக்கு விழவில்லை.
தேசப்பன் என் பக்கமே திரும்பி
உதட்டைப் பிரித்து
மெதுவாக, இன்னொரு தரம் சொன்னான்.

எண்ணூறு.

நேற்றைய சங்கராவுக்கு அது அதிகம்.
கையை இறக்கினேன்.